லெனார்ட் கொடுத்த எஃகு

லெனார்ட் பெச்சோவ்னிக் தன் ஐம்பத்துச் சொச்சம் வயதுவரை யாருக்கும் கெடுதல் செய்தவன் இல்லை. செய்த ஒன்றையும் உதவி என்று நினைத்துத்தான் செய்தான். அப்படிப்பட்டவர்கள் செய்யும் கெடுதல், அதற்கான நன்றியை வாங்கிக்கொண்ட பிறகுதான் வெளியே தெரியும்.

மேஜா பள்ளத்தாக்கில் ஓர் ஆளுக்குச் சாதாரணமாக இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்கு, மற்றது மரியாதைக்கு. லெனார்ட்டுக்குச் சம்பளம் கொடுத்தது எஃகு ஆலை. மரியாதை கொடுத்தது ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படை. ஆலையில் முப்பது வருடம் ஒரே உலையின் முன்னால் நின்றான், ஒருவரும் வந்து கைகுலுக்கியதில்லை. படைச் சீருடையில் தெருவில் இறங்கினால் மட்டும் எதிரே வருகிறவர்கள் "உதவிக்கு!" என்பார்கள். படைக்காரர்களுக்குள் அதுதான் வணக்கச் சொல். ஊராரும் அதையே பழகிக்கொண்டார்கள்.

அவன் நின்ற உலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகுத் தண்டுகள், உலக்கையைவிடச் சற்று ஒல்லியானவை, முதலில் பக்கத்து உலையில் செக்கச் சிவக்கக் காய்ந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். அந்த எண்ணெய்க் குளியல் முடிந்து வெளியே வரும் எஃகு, புதிதாகப் பதவிக்கு வந்த அதிகாரி மாதிரி இருக்கும். அத்தனை விறைப்பு, ஓங்கித் தட்டினால் உடைந்துவிடும். அதை லெனார்ட்டின் உலையில் மறுபடியும், முன்னளவு காயவிடாமல், மணிக்கணக்கில் வைத்திருந்தால் விறைப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துப் பதத்துக்கு வரும். பிறகு இழுத்தாலும் தாங்கும், முறுக்கினாலும் தாங்கும், அடித்தால் வளையுமே தவிர ஒடியாது. லாரியின் அச்சு, பளுதூக்கியின் கொக்கி, பாலத்து போல்ட் என்று, எது உடைந்தால் ஓர் ஆள் சாவானோ அதற்கெல்லாம் இந்த எஃகுதான் போகும்.

பதம் முடிந்ததும் தண்டுகளை உடனே வெளியே எடுத்துத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று உலைக்குப் பக்கத்தில் தகட்டில் எழுதி அடித்து வைத்திருந்தார்கள். முப்பது வருடம் லெனார்ட் அதைத் தவறாமல் செய்தான், தவறாகப் புரிந்துகொண்டு. அடுத்த சுமையை ஏற்ற உலை காலியாக வேண்டும், மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் அவசரம், அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்திருந்தான். சூடான எதையும் மெல்ல ஆறவிடுவதே அதற்கு நல்லது என்பது அவன் சொந்தக் கருத்து. ரொட்டியைப் பொறுத்தவரை அது சரியான கருத்தும்கூட.

அந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், உலைக்குள் ஒரு சுமை பதமாகிக்கொண்டிருந்தபோது ஊரின் சைரன் ஊதியது. மலைமேல் கோகெல் பண்ணையில் தீ. ஆலையின் அந்தக் கூடத்தில் பாதிப் பேர் படைக்காரர்கள். பாதிக் கூடம் காலியானது. ஆள் இல்லாத உலையை எரியவிட்டுப் போவது தீயணைப்புக்காரன் செய்கிற காரியமா? லெனார்ட் மின்சாரத்தை நிறுத்தினான், கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தான், ஓடினான். சனி, ஞாயிறு முழுக்கத் தண்டுகள் மூடிய உலைக்குள் ரொட்டியைப் போல ஆறின. திங்களன்று கடினத்தைச் சோதித்தார்கள். கேட்ட அளவு அப்படியே இருந்தது. சுமை விற்பனைக்குப் போயிற்று.

பண்ணையில் வீடு தப்பியது, மாடுகள் தப்பின. மாடு கட்டுகிற வைக்கோல் கொட்டகை போயிற்று. அதற்குள் இருந்த வின்ச்சும் போயிற்று. வின்ச் இல்லாமல் அந்த மலையில் மரம் வெட்ட முடியாது. செங்குத்தான சரிவில் வெட்டிய மரத்தை இரும்பு வடத்தில் மாட்டி, மேலே டிராக்டரோடு பூட்டிய வின்ச்தான் இழுக்கும். பண்ணைக்காரன் யெர்னேய் மேலே நின்று அதை ஓட்டுவான். அவன் மனைவி நேஷா கீழே நின்று மரத்துக்குக் கொக்கி மாட்டுவாள்.

படை கொட்டகைக்காக ஊரெல்லாம் உதவி திரட்டியது. ஒருவன் ஓடு கொடுத்தான், ஒருவன் ஆணி கொடுத்தான், எரிந்த வின்ச்சில் வடம் சுற்றும் உருளையை ஒருவன் தேய்த்துச் சரிசெய்தான். லெனார்ட் மேஸ்திரியிடம் கேட்டு, விற்றது போக மிஞ்சிய தண்டு ஒன்றை வாங்கி, கீழே ஒரு பட்டறையில் கடையவைத்து, உருளையை அச்சோடு பூட்டும் சாவி என்கிற ஆப்புக்குக் குழியும் வெட்டவைத்து, அந்த உருளைக்கு அச்சாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். தீயன்று உலைக்குள் இருந்த அதே சுமையில் ஒன்று. அது ஒரு பொருத்தம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

அக்டோபரில் ஆலையின் சோதனைக்கூடத்துப் பொறியாளர் ப்ரேதா அவனைக் கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் இரண்டாக ஒடிந்த தண்டு ஒன்று கிடந்தது. வடக்கே ஒரு வாடிக்கையாளரின் முற்றத்தில், குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு காலையில், லாரியிலிருந்து விழுந்து ஒடிந்ததாம்.

"முள்ளங்கி மாதிரி ஒடிஞ்சிருக்கு, பாருங்க."

முறிந்த முகம் கற்கண்டைப் போல மணிமணியாக மின்னியது. லெனார்ட் அதைத் தொடவில்லை. "கடினம் சரியா இருந்துச்சே, இஞ்சினியரம்மா. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

"இப்பவும் சரியாத்தான் இருக்கு, அதான் கொடுமை. இழுத்துப் பாத்தேன், அதுவும் சரி. ஓங்கித் தட்டினாத்தான் குட்டு வெளிப்படுது. அதையும் வெயில்ல தட்டினா நல்ல பிள்ளையா இருக்கும். குளிர்ல தட்டணும்." அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். "இந்தச் சுமைய எப்படி ஆறவச்சீங்க?"

அவன் சொன்னான். அவள் முறிந்த முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"மெல்ல ஆறினா, எஃகுக்குள்ள இந்த மணியும் மணியும் ஒட்டியிருக்கிற இடத்துல அழுக்கு போய் உக்காந்துக்கும். வேகமா ஆறினா அதுக்கு நேரம் கிடைக்காது. அதுக்குத்தான் தண்ணி."

"நான் அவசரத்துக்குன்னு நெனச்சேன்."

"அவசரந்தான். முதலாளிக்கு இல்ல, எஃகுக்கு."

பிறகு ஆறுதலும் சொன்னாள். சைரன் கேட்டு ஓடியவன்மேல் நடவடிக்கை எடுக்கச் சட்டம் இடம்கொடுக்காது. விற்ற தண்டுகள் எல்லாம் திரும்பி வந்தாயிற்று. மறுபடி சூடாக்கி வேகமாக ஆறவைத்தால் பழையபடி நல்ல எஃகாகிவிடும். "ஒண்ணு மட்டும் எங்க போச்சுன்னு தெரியல."

சட்டம் மன்னித்த மனிதன் எழுந்துகொண்டான். "எனக்குத் தெரியும்," என்றான்.

ஆலை பண்ணைக்குக் கடிதம் எழுதும் என்றாள் ப்ரேதா, அதில் நான்கு பேர் கையெழுத்திட வேண்டும் என்பதையும் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தாள். "நீங்களே போயிடுங்க. பனி உறையறதுக்குள்ள."

அவன் பண்ணைக்குப் போன அன்றைக்கென்று தெற்குக் காற்று வீசியது. சட்டைக் கையை மடித்துவிடும் அளவுக்கு வெயில். யெர்னேய் முற்றத்தில் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"உதவிக்கு!" என்றான் லெனார்ட், வாய்ப்பழக்கத்தில்.

"இன்னுமா? போதும்டா சாமி. வாங்கி வாங்கிக் கை வலிக்குது."

விளையாட்டுப் போலச் சொன்னாலும் அது விளையாட்டில்லை. யெர்னேய் அந்தக் கோடையில் பள்ளத்தாக்கு முழுவதற்கும் நன்றி சொல்லி முடித்திருந்தான். தன் நிலத்தைத் தவிர எதற்கும் தலைகுனியாதவன், ஆணி கொடுத்தவனுக்கும் குனிந்தான். அவனிடம் நன்றி கையிருப்பு தீர்ந்துபோயிருந்த நேரத்தில், கொடுத்தவன் ஒருவன் படியேறி வந்து, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டான்.

"அச்சு வேணுமா? எதுக்குடா?"

"அது சரியில்ல யெர்னேய். குளிர்ல ஒடியும். மரம் பாதி மேல வந்திருக்கும்போது ஒடிஞ்சா, மரம் அப்படியே கீழ வழுக்கிக்கிட்டுப் போகும். கீழ யாரு நிக்கிறா?"

"ஒரு மாசமா இழுக்குது. ஒரு முனகல் இல்ல."

"ஒரு மாசமா வெயிலடிக்குது."

"கூரைக்கு மரம் பனிக்கு முன்னாடி மேல வந்தாகணும். வின்ச்ச நிறுத்துன்னா மாடுங்கள எங்க கட்டறது, உன் வீட்டு சோபாவுலயா?"

கடைந்ததுபோக மிஞ்சிய முழ நீளத் துண்டும் அந்த வீட்டில்தான் கிடந்தது. லெனார்ட் அதை இரண்டு கட்டைகள்மேல் கிடத்தச் சொன்னான். யெர்னேய் சம்மட்டியை ஓங்கினான். துண்டு கணீரென்றது, சம்மட்டி எகிறியது. இன்னொரு அடி. மறுபடியும் கணீர். நான்காவது அடியில் கட்டைதான் பிளந்தது.

"கோயில் மணி மாதிரி இருக்குடா," என்றான் யெர்னேய், மூச்சு வாங்க. "இதையா ஒடியும்ங்கிற?"

"குளிர்ல அடிக்கணும்..."

"குளிர்ல நானும்தான் வெறைச்சுப்போறேன். ஒடிஞ்சா போறேன்? உண்மையச் சொல்லு, ஆலையில கணக்குக் கேட்டுட்டாங்களா?"

எஃகு அன்று மிக நல்ல எஃகாக நடந்துகொண்டது. அதனால் லெனார்ட் பொய்யனானான்.

அவன் கீழிறங்கும்போது கிணற்றடியில் நேஷா நின்றிருந்தாள். பேச்சு முழுவதையும் கேட்டிருந்தாள்.

"நிஜமாவா அண்ணே?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"கீழ நிக்கிறது நான். அவருக்கு என்ன, மேல சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

லெனார்ட்டுக்கு அப்போதுதான் உதித்தது. "பன்றிக் கறி வைக்கிற ஃப்ரீசர் பெட்டி இருக்கில்ல? அச்சுல சாவிக்குழி இருக்கிற மாதிரி அந்தத் துண்ட ரம்பத்தால கால்வாசி ஆழம் அறுத்துட்டு, பெட்டியில வைங்க. ஒரு ராத்திரி முழுக்கக் கெடக்கட்டும். அப்பறம் எடுத்த சூட்டோட... எடுத்த குளிரோட அடிங்க."

"தொத்திறைச்சிக்கு மேலயா, கீழயா?"

அவள் சிரிக்காமல் கேட்டாள். அவனும் சிரிக்காமல் "கீழ" என்றான்.

ஆனால் அறுப்பது அத்தனை சுலபமாக இல்லை. அது ரம்பத்துக்கு மசிகிற எஃகாக இருந்திருந்தால் அதை யார் அச்சுக்கு எடுப்பார்கள்? யெர்னேய் மாட்டுப்பக்கம் போகும் நேரத்தில் நேஷா கொஞ்சம் கொஞ்சமாக ராவினாள். பல் மழுங்கிய ரம்பங்களைக் கடையில் மாற்றி வாங்கினாள். இதையெல்லாம் லெனார்ட்டுக்குச் சொல்ல அவளுக்கு வழியில்லை. அவன் தொலைபேசியில் கூப்பிட்டால் யெர்னேய் எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்தான்.

அந்த வாரம் லெனார்ட் வானிலை அறிக்கைக்கு அடிமையானான். பள்ளத்தாக்கே குளிரை வேண்டிக்கொண்டிருந்தது. பனிச்சறுக்குச் சரிவு வைத்திருப்பவர்கள், கறி உலர்த்துபவர்கள், சளிக்கு மருந்து விற்பவர்கள் என்று எல்லோருக்கும் குளிர் வேண்டும். வேண்டாம் என்று கும்பிட்டவன் அவன் ஒருவன். படைத்தலைவரிடம் போனான். "கொடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதா? அதுவும் தீப்பிடிச்ச வீட்டுல? படைக்கு அசிங்கம்டா," என்றார் அவர். மனைவி பவ்லா அவன் தொடாத தட்டை மூன்றாவது முறையாக எடுத்தபோது பொறுமை இழந்தாள்.

"மனுஷா, நீ அந்த அச்சுக்குக் காவல் காக்கிறியா, எனக்குப் புருஷனா இருக்கியா?"

"பவ்லா, அந்தப் பொம்பள செத்துட்டான்னா, நெருப்பு அணைக்கப் போயே கொன்னேன்னு ஆயிடும்."

"அப்ப போய் மரத்து மேல உக்காரு. இழுக்கட்டும் பாப்போம்."

எரிச்சலில் சொன்னதுதான். அவன் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழன் விடியலில் பள்ளத்தாக்கு வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. மூச்சு மீசையில் உறைந்தது. ஆலை முற்றத்தைக் கடக்கும்போது மேலே மலையில் டிராக்டர் முக்குவது லெனார்ட்டுக்குக் கேட்டது; அந்தக் குளிரில் சத்தம் கண்ணாடியில் ஓடுவதுபோல ஓடிவரும். உலையை அடுத்த ஆளிடம் முறையாக ஒப்படைத்தான். முதல் தடவை ஒப்படைக்காமல் ஓடியதை நினைக்கக்கூட அவனுக்கு அவகாசம் இல்லை. வண்டியைக் கீழ்ச்சாலையில் நிறுத்திவிட்டுச் சரிவில் கையும் காலுமாக ஏறினான்.

நேஷா ஒரு பெரிய தேவதாரு மரத்துக்குக் கொக்கி மாட்டி முடித்திருந்தாள்.

"தள்ளிப் போங்க!" என்று கீழிருந்தே கத்தினான் லெனார்ட்.

"அண்ணே! துண்டு பெட்டியில இருக்கு. நேத்து ராத்திரிதான் வைக்க முடிஞ்சுது."

"எடுத்துட்டு வாங்க. சுத்திப் போங்க, வடத்துக்கு நேர போகாதீங்க!"

அவள் மரங்களுக்கிடையே பக்கவாட்டில் ஏறி ஓடினாள். லெனார்ட் கொக்கி மாட்டிய மரத்தின்மேல் கால் அகட்டி உட்கார்ந்தான்.

மேலிருந்து யெர்னேய்யின் குரல் வந்தது. "எவன்டா அது?"

"நான்தான்."

"எந்திரிடா பைத்தியக்காரா!"

"மொதல்ல எஞ்சின அணை."

"இழுப்பேன்டா! சத்தியமா இழுப்பேன்!"

"இழு."

யெர்னேய் பயமுறுத்தத்தான் நினைத்திருப்பான். வடம் விறைத்துத் தரையிலிருந்து எழுந்தது. மரம் ஒருமுறை சிலிர்த்து, ஒரு சாண் மேலே நகர்ந்தது. அந்த ஒரு சாணில் அச்சின்மேல் எவ்வளவு பாரம் ஏறியிருக்கும் என்பது அந்த மலையில் லெனார்ட் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் அவன் எழவில்லை. அதைத் துணிச்சல் என்று பின்னால் சிலர் பேசினார்கள். எழ நினைத்தான், கால் வரவில்லை என்பதைப் பவ்லாவிடம் மட்டும் சொன்னான்.

"இறங்குடா! உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன், இறங்குடா!" கோபத்தில் ஆரம்பித்த யெர்னேய் கெஞ்சலில் வந்து நின்றான். இழுக்கவும் முடியாமல், விட்டுக்கொடுக்கவும் முடியாமல் நெம்புகோலைப் பிடித்தபடி நின்றான்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கணீரென்று கேட்கவில்லை. பீங்கான் தட்டு கல்லில் விழுந்த மாதிரி, சுருக்கமாக, ஒரே ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் நேஷா கையுறைக்குள் இரண்டு துண்டுகளைப் பிடித்துக்கொண்டு டிராக்டருக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஒரே அடி," என்றாள். "நான் அடிச்ச அடி. உங்க அடிகூட இல்ல."

யெர்னேய் துண்டைத் திருப்பிப் பார்த்தான். "அறுத்திருக்கியேடி! அறுத்தா ஒடியாம என்ன செய்யும்?"

"அச்சுல சாவிக்குன்னு குழி வெட்டியிருக்கே, அதுக்கு என்ன பேரு? அலங்காரமா?"

யெர்னேய் முறிந்த முகத்தில் விரலை வைத்தான். கற்கண்டு மணிகள் விரலில் ஒட்டுவதுபோல இருந்தன. கீழே சரிவைப் பார்த்தான். கொக்கி மாட்டும்போது நேஷா வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தான். வடத்தை மெல்லத் தளர்த்தி, எஞ்சினை அணைத்தான்.

லெனார்ட் தட்டுத்தடுமாறி மேலே வந்து சேர்ந்தபோது யெர்னேய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் வாயால இனிமே என் வீட்டு வாசல்ல 'உதவிக்கு'ன்னு சொல்லாத," என்றான். "சொன்னா சம்மட்டி எடுப்பேன்."

லெனார்ட் தலையாட்டினான். இதைவிட மோசமாகவும் பேசியிருக்கலாம், பேசியிருந்தாலும் நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. சரி என்று நிரூபணமான மனிதன் இத்தனை சிறுத்துப்போய் ஒரு மலையிலிருந்து இறங்கியதை அந்தப் பள்ளத்தாக்கு பார்த்ததில்லை.

கழற்றிய அச்சை ப்ரேதா உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது சாவிக்குழியின் ஓரத்தில் முடியளவு விரிசல் ஓடியிருந்தது. இன்னும் எத்தனை மரம் தாங்கியிருக்கும் என்று லெனார்ட் கேட்டான். அவள் அச்சைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள்.

நான்கு கையெழுத்தோடு கடிதம் நிதானமாக வந்துசேர்ந்தது. இலவசமாக வேறு அச்சு தருவதாக ஆலை அதில் சொன்னது. யெர்னேய் அந்தத் தாளில் அடுப்பு பற்றவைத்தான். இனி யாருடைய தயவும் வேண்டாம் என்று பக்கத்து ஊர் வியாபாரியிடம் தன் காசில் தண்டு வாங்கி, தனக்குத் தெரிந்த பட்டறையில் கடையவைத்துப் பூட்டினான். அந்த வியாபாரி யாரிடம் வாங்குகிறான் என்று அவன் விசாரிக்கவில்லை. அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட எஃகுக்கு ஓர் ஆலைதான் உண்டு. அதற்குப் பதம் போட ஓர் உலைதான் உண்டு.

பனி நன்றாக விழுந்த பிறகு ஒருநாள் கீழ்ச்சாலையில் நேஷா லெனார்ட்டை நிறுத்தினாள். புதுத் தண்டின் முனையில் ஆலை பொறித்திருந்த இலக்கத்தை அவள் பார்த்துவைத்திருந்தாள்.

"இதுவும் நீங்க போட்டதா அண்ணே?"

"ஆமா."

"தண்ணியில எறக்கினீங்களா?"

"எறக்கினேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அந்த வாரம் சைரனே ஊதல."

"சரி. அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினாள்.

மேலே டிராக்டர் முக்கத் தொடங்கியது. முதல் மரம் உச்சி சேரும்வரை லெனார்ட் சாலையிலேயே நின்றான். அடுத்த மரத்துக்கும் நின்றான்.